கோடை விடுமுறை: ஒரு பூ, ஒரு மரம்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு,

வணக்கம். இந்த விடுமுறைக்குப் பக்கம் பக்கமாக எழுதும் வேலை எதுவும் தரவில்லை. வயல்வெளி, குளக்கரை, ஒற்றையடிப் பாதை என்று எங்கே நடந்து போனாலும் சரி, தானாக முளைத்த ஒரு செடியின் பூவையும் ஏதாவது ஒரு மரத்தையும் பிள்ளைகள் கைபேசியில் படம் எடுத்து வந்தால் போதும். ஒவ்வொன்றுக்கும் ஐந்தாறு படங்கள் வேண்டும்.

சென்ற ஆண்டு வந்தவற்றில் பாதிக்கு மேல், பூவை முன்னால் பிடித்துக்கொண்டு சிரிக்கும் முகங்கள். முகங்களில் குறையொன்றும் இல்லை. ஆனால் இலையும் தண்டும் தெரியாத மஞ்சள் பூவுக்கு யார்தான் பெயர் சொல்ல முடியும்? பூவை நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, இலைகள் தண்டில் எதிரெதிராக இருக்கின்றனவா மாறி மாறியா என்று தெரியும்படி ஒன்று, செடி முழுவதும் ஒன்று. அளவு தெரிய ஒரு விரலைப் பக்கத்தில் வைக்கலாம். மரமென்றால் பட்டையும் வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், ஒரு மாணவி எடுத்து வந்த வேப்பிலைப் படம்தான் காரணம். பெரிதாக்கிப் பார்த்தோம். நடு நரம்பின் ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் ஒடுக்கம். இலை அரிவாள் போல வளைந்திருந்தது. இத்தனை ஆண்டுகளாகக் கரும்பலகையில் இரு பக்கமும் சமமாக வரைந்து காட்டியவன் நான்!

நெருஞ்சியோ எருக்கோ கிடைத்தால் விட வேண்டாம். எருக்கம்பூவின் நடுவில் ஐந்து மடலோடு ஒரு கிரீடம் இருக்கும். அதைக் கண்ணால் பார்ப்பதைவிடப் படத்தில் பார்ப்பது எளிது. ஆனால் கிள்ளக்கூடாது. அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. ஊமத்தையைத் தொட்டால் கையைக் கழுவிவிட்டுத்தான் மறு வேலை. செடியின் பெயர் சொல்லும் செயலிகள் தவறு செய்வதுண்டு. அவற்றை நம்பி எதையும் வாயில் வைக்க விடாதீர்கள்.

காலை வெயில் ஏறுமுன் போவது நல்லது. உச்சிவெயிலில் வெள்ளைப் பூக்கள் வெளுத்துப்போய் இதழின் வரிகூடத் தெரியாது. மேகம் மூடிய நாள் என்றால் இன்னும் நல்லது. பூ இருக்கும் உயரத்துக்குக் குனிந்தோ மண்டியிட்டோ எடுக்கச் சொல்லுங்கள். மண்டியிடும் முன் அங்கே முள்ளோ பூச்சியோ இருக்கிறதா என்று நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். திரையில் இழுத்துப் பெரிதாக்கினால் படம் கெடும், கிட்டே போகட்டும். மரத்துக்கு அப்படியே தலைகீழ்: அடியில் நின்று அண்ணாந்து எடுத்தால் மரம் பின்னால் சாய்வது போலத் தெரியும், தள்ளிப் போகவேண்டும்.

பிள்ளைகளைத் தனியாக அனுப்பவேண்டாம். புதருக்குள் கைவிட வேண்டாம். தொப்பியும் தண்ணீரும் மறக்கவேண்டாம். கைபேசிப் படத்தோடு எடுத்த இடமும் பதிவாகலாம் என்பதால், வெளியாருக்கு அனுப்புவதாக இருந்தால் படம் எடுக்குமுன்பே அந்த வசதியை அணைத்துவிடுங்கள்.

பள்ளி திறக்கும் வாரத்தில் படங்களைக் கொண்டு வரட்டும், எடுத்த நாளையும் நேரத்தையும் குறித்து. மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை. இணையத்திலிருந்து இறக்கிய அழகான படம் மட்டும் வேண்டாம். பிள்ளையிடம் இரண்டு கேள்வி கேட்டால் எனக்குத் தெரிந்துவிடும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்