வாங்கும் பெயர்த்தகடும்: திருப்பணி நிறைவு அறிக்கை

அன்புள்ள அங்கத்தவர்களுக்கு,

மண்டபத்தின் பின்வளவில் இரண்டாம் உலகப் போரில் ஜேர்மனியில் எங்கள் பக்கத்தில் குண்டுவீச்சு விமானத்தோடு விழுந்து செத்த பிரித்தானிய விமானப்படை வீரர் ஹாரி ஸ்ட்ரேஞ்ச் நினைவாகத் தொடங்கிய வேலை முடிந்துவிட்டது. இருப்பதற்கு ஓக் மரத்தில் ஒரு வாங்கு, பக்கத்தில் ஒரு கல், கல்லில் ஒரு பெயர்த்தகடு, ஒரு அப்பிள் கன்று. இவ்வளவுதான். இதற்கு ஏன் இரண்டு வருசம் என்று கேட்டவர்களுக்காகத்தான் இந்த அறிக்கை. கணக்கு விபரம் தனித்தாளில் இருக்கிறது. ரசீதுகளைப் பொருளாளரிடம் எப்போதும் பார்க்கலாம்.

இழுபட்டது காசால் அல்ல. முதற் கூட்டத்திலேயே ஒரு ஐயா எழும்பிக் கேட்டார்: "பொம்மருக்குப் பயந்து பங்கருக்குள்ள கிடந்த சனம் நாங்கள். குண்டு போட வந்தவனுக்கு வாங்கு செய்யப் போறியளோ?" ஒருவரும் வாய் திறக்கவில்லை. போதாததற்கு, ஹாரி வந்த லங்காஸ்டர் விமானத்தைச் செய்தது அவ்ரோ கம்பனி என்று விளக்கத்தாளில் நாங்களே எழுதி வைத்திருந்தோம். அவ்ரோ என்றதும் பின்வரிசையில் முகங்கள் மாறிவிட்டன. ஊரில் போர்க் காலத்தில் யாழ்ப்பாணத்துக்கு மேலே குண்டு போட வந்த அவ்ரோவும் அதே கம்பனி வடிவமைத்த 748 ரகம்தான்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 1943 மே 16 இரவு இங்கிலாந்தின் ஸ்கம்ப்டன் தளத்திலிருந்து பிரித்தானிய விமானப்படையின் 617ஆம் ஸ்குவாட்ரனின் 19 லங்காஸ்டர்கள் எங்கள் பக்கத்து அணைகளை உடைக்கக் கிளம்பின. மோனே, ஏடர் இரண்டும் உடைந்தன. போன 133 பேரில் 53 பேர் செத்துப்போனார்கள். நடுச்சாமம் கழிந்து கடைசியாகக் கிளம்பிய ஐந்தில் ஒன்றை ஒட்லி என்ற இளம் விமானி ஓட்டினார். அதிகாலை இரண்டரை மணி கடந்த நேரம், ஹம் நகருக்குக் கிட்டப் பீரங்கிச் சூடு பட்டு, ஹேசன் காட்டுக்குள் எரிந்து விழுந்தது.

அதிலிருந்த ஏழு பேரில் தப்பியது பிரெட் டீஸ் மட்டும். வால் பக்கத்துச் சுடுகூண்டில் இருந்தவர். அது அவருடைய இடமே அல்ல. அன்றைக்கு அவரும் ஹாரியும் இடம் மாறியிருந்தார்கள். ஹாரி முன்கூண்டுக்குப் போனார். இருபதை ஒட்டிய வயது, லிவர்பூல் பெடியன். முன்கூண்டு குண்டு போடுபவரின் தலைக்கு மேலே இருக்கிறது. மேலே இருப்பவரின் கால் தொங்கிக் கீழே இருப்பவரின் முகத்தில் இடிக்காமல் இருக்க, அந்தப் பயணத்துக்கென்று குதிரைச் சேணத்து அங்கவடி மாதிரி ஒன்றைப் பூட்டியிருந்தார்கள்.

கூட்டத்தின் போக்கு மாறியது இந்த அங்கவடியில்தான். "காலை எங்க வைக்கிறதெண்டு பாத்துக்கொண்டு வந்திருக்கும் பிள்ளை" என்றார் சமையற்கட்டில் நின்ற ஒரு அன்ரி. பொம்மர் என்றால் எங்களுக்குச் சத்தம். அதற்குள்ளே ஒருவர் கால் வைக்க இடமில்லாமல் இருப்பார் என்று நாங்கள் நினைத்ததில்லை.

ஆனாலும் ஐயாவின் கேள்வி தீரவில்லை. அடுத்த கூட்டத்துக்கு அவர் ஒரு கொப்பியோடு வந்தார். அணை உடைந்த வெள்ளத்தில் ஏறத்தாழ 1,300 பேர் செத்தார்கள், அதில் பாதிக்கு மேல் கட்டாய வேலைக்குக் கொண்டுவரப்பட்ட வெளிநாட்டவர்கள். எங்களுக்குத் தெற்கே நெய்ஹைமில் ஒரு முகாமில் அடைத்து வைத்திருந்த சோவியத் நாட்டுப் பெண்கள் நூற்றுக்கணக்கில் அள்ளுண்டு போனார்கள். அவர்களுக்கும் தகட்டில் ஒரு வரி வேண்டும், இல்லாவிட்டால் தான் கையெழுத்து வைக்கமாட்டேன் என்றார். அவர் சொன்னது சரி. நிர்வாக சபைக்கு இது முன்னமே தோன்றியிருக்க வேண்டும்.

அதன் பிறகு கிளேவ பக்கத்தில் உள்ள ரைக்ஸ்வால்ட் இடுகாட்டுக்கு வான் பிடித்துப் போனோம். முதலில் ஹம்மில் அடக்கம் செய்தவர்களைப் போருக்குப் பிறகு அங்கே மாற்றினார்கள். ஏழாயிரத்துக்கு மேற்பட்ட கல்லறைகள், எல்லாம் ஒரே உயரத்து வெள்ளைக் கற்கள். கல்லின் அடியில் வீட்டுக்காரர் ஒரு வசனம் போட அந்தக் காலத்தில் 60 எழுத்துத்தான் விட்டார்களாம். அதையே நாங்களும் தமிழ் வரிக்கு அளவாக எடுத்தோம். கொம்பையும் அரவையும் தனித்தனியாக எண்ணுவதா இல்லையா என்று திரும்பி வரும் வழியெல்லாம் சண்டை. "வீரமரணம்" என்ற சொல் அப்படித்தான் வெட்டுப்பட்டது. இடமில்லை என்று குறிப்பேட்டில் எழுதியிருக்கிறோம். உண்மையில், ஒருவருக்கும் அது வேண்டியிருக்கவில்லை.

தகடு செய்த இடத்தில் ஒரு குளறுபடி. ஜேர்மன் வரியும் ஆங்கில வரியும் அழகாக வந்தன. தமிழில் கொம்பெல்லாம் எழுத்துக்குப் பின்னால் போய் நின்றன. "நெய்ஹைம்" வாசிக்கவே முடியாத ஒன்றாகிவிட்டது. எங்கள் தமிழ்ப் பாடசாலை மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றுதான் முதலில் கண்டுபிடித்தது. எழுத்தைப் படமாக்கி அனுப்பி, இரண்டாம் முறை வெட்டுவித்தோம். பிழையான தகடு களஞ்சிய அறையில் இருக்கிறது, தயவுசெய்து ஒருவரும் எறிய வேண்டாம்.

இனிப் பராமரிப்பு. வாங்குக்கு வருசத்துக்கு ஒருமுறை, பங்குனி சித்திரையில், எண்ணெய் பூச வேண்டும். முதல் வருசத்து எண்ணெயை அந்த ஐயாவே வாங்கித் தந்தார், திறப்பு நாளுக்கு மட்டும் வரவில்லை. அப்பிள் கன்றுக்கு வெயில் காலத்தில் இரண்டு வாளித் தண்ணீர் போதும். குழாய்த் திறப்பு காரியதரிசியிடம்.

கடைசியாக ஒன்று. வரைபடத்தில் வாங்கு ரோட்டைப் பார்த்து இருக்கிறது, வளவில் அப்படி இல்லையே என்று பலர் கேட்டுவிட்டீர்கள். சீமெந்து போட்ட அன்று அந்த அன்ரி தேத்தண்ணியோடு வந்து, "எந்தப் பக்கத்தால வந்தது?" என்று கேட்டார். ஒல்லாந்துப் பக்கத்தால், மேற்கிலிருந்து என்றோம். அவர் கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். சீமெந்து இறுகமுன்னம் நாலு பேர் பிடித்து வாங்கை மேற்குப் பக்கம் திருப்பினோம். வரைபடத்தைத் திருத்த நேரம் கிடைக்கவில்லை.

இங்ஙனம்,
திருப்பணிக் குழு