ரப்பர் காடும் செம்பனையும்

கோத்தகிரி

அன்புள்ள மணியம்,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. இடுப்பு வலி குறைந்ததில் சந்தோஷம். பேத்திக்குப் பல் முளைத்ததைப் பற்றி ஒரு பக்கம், மலேசியாவில் நீ பிறந்த தோட்டத்தைப் பற்றி நாலே வரி. அந்த நாலு வரிதான் மனசில் நிற்கிறது. அப்பா பால் வெட்டிய ரப்பர் மரமெல்லாம் போய், பார்க்கும் இடமெல்லாம் பாமாயில் எடுக்கும் செம்பனை, 'காடே போச்சு' என்று எழுதியிருந்தாய்.

காடா அது? ரப்பர் நட்டபோதே அசல் காடு போய்விட்டதே என்று உன்னோடு சண்டை பிடிக்க நினைத்தேன். அப்புறம் பார்த்தால் ஐ.நா.வின் உணவு வேளாண் நிறுவனம் உன் பக்கம்! அவர்கள் கணக்கில் ரப்பர்த் தோட்டம் காடு, செம்பனை விவசாயம். ரப்பரை வெட்டிச் செம்பனை வைத்தால் காட்டுப் பரப்பு குறையும். காட்டை வெட்டி ரப்பர் வைத்தால் மொத்தத்தில் ஒன்றும் குறையாது.

எங்கள் இந்தியக் கணக்கு இன்னும் தாராளம். ஒரு ஹெக்டேரில் 10 சதவீதம் மரம் கவிந்திருந்தால் போதும். யார் நிலம், என்ன மரம் என்ற கேள்வியே கிடையாது, தென்னந்தோப்பும் சேர்த்தி. வியட்நாமைப் பார். 1990-களின் தொடக்கத்தில் 28 சதவீதம் இருந்த காடு இப்போது 42. நல்ல செய்திதான். ஆனால் கூடியதில் பெரிய பங்கு நட்டு வளர்த்த மரம். அதிலும் நிறைய, சில வருஷத்துக்கு ஒருமுறை மரச்சில்லுக்காக வெட்டும் அகேசியா மரம். முப்பது வருஷம் பிள்ளைகளை நாடுவாரியாகக் காட்டுச் சதவீதம் மனப்பாடம் பண்ண வைத்தவன் நான். இப்போது கூச்சமாக இருக்கிறது.

பிரேசில் அமேசான் கணக்கை மட்டும் கொஞ்சம் நம்புகிறேன். 1988 முதல் ஒவ்வொரு வருஷமும் செயற்கைக்கோள் படத்தை வைத்து, வெட்டப்பட்ட அசல் காட்டை மட்டும் எண்ணுகிறார்கள். பிறகு அங்கே புதர் முளைத்தாலும் திருப்பிச் சேர்ப்பதில்லை. 2004-இல் 27,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் போனது. 2012-இல் 4,600-க்குள். 2021-இல் மறுபடி 13,000. 2024-இல் 6,300-க்குள். வெட்டிய இடத்தில் பெரும்பாலும் மாட்டுக்குப் புல்தான். கண்காணிப்பும் அபராதமும் இறுகினால் இறங்குகிறது, அரசு கண்ணை மூடிக்கொண்டால் ஏறுகிறது. வறுமைதான் காட்டை வெட்டுகிறது என்று வகுப்பில் சொன்னேனே, அந்த ஏற்ற இறக்கத்தில் வறுமையைத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. காங்கோ பக்கம் கதை வேறு. அங்கே வயிற்றுப்பாட்டுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி எரித்துப் பயிர் வைக்கிறார்கள், கரிக்கும் வெட்டுகிறார்கள். இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டு 'வளரும் நாடுகள்' என்று தலைப்பு வைத்தால் என்ன புரியும்?

உனக்காகவே இன்னொன்று. ரப்பர் அமேசான் மரம். 1876-இல் விக்கம் என்ற வெள்ளைக்காரர் அங்கிருந்து விதைகளை லண்டனுக்குக் கொண்டுபோனார். அங்கே முளைத்த கன்றுகள்தான் இலங்கைக்கும் உங்கள் பக்கமும் வந்தன. அமேசானிலோ ரப்பர் காட்டுக்குள் தானாக நிற்கும் மரம். காடு நின்றால்தான் பால். அதனால்தான் அங்கே பால் வெட்டிய சிகோ மென்டிஸ் என்பவர், மரம் அறுக்க வந்தவர்களுக்கு முன்னால் ஊர் மக்களைத் திரட்டி நிறுத்தினார். 1988 டிசம்பரில், மாட்டுப் பண்ணைக்காரர் ஒருவரின் மகன் அவரை வீட்டுப் பின்வாசலிலேயே சுட்டுக் கொன்றான். உன் அப்பா செய்த அதே வேலை. அங்கே காடு நிற்க வேண்டியிருந்தது, உங்கள் ஊரில் காடு போக வேண்டியிருந்தது.

என் வீட்டுக்கு எதிரே தேயிலைச் சரிவு, நடுநடுவே சில்வர் ஓக். சாயங்காலம் பனி இறங்கும்போது அழகாகத்தான் இருக்கிறது. ஒரு காலத்தில் அங்கே சோலைக்காடு இருந்திருக்கும்.

சரி, ஹாஸ்டலில் நீ ரப்பர்க் கொட்டையைத் தரையில் தேய்த்துச் சூடாக்கி என் தொடையில் வைத்தாயே, அந்த வடு மறைந்துவிட்டது, கோபம் மறையவில்லை. அடுத்த தடவை தோட்டத்துக்குப் போனால், கோயில் பக்கம் ரப்பர் மரம் ஒன்றாவது மிச்சம் இருக்கிறதா பார். இருந்தால் இரண்டு கொட்டை பொறுக்கி வை. இந்தக் குளிரில் முளைக்காது, தெரியும். மேசை மேல் வைத்துக்கொள்கிறேன்.

உன்
ராஜு