போய்ட்டு வாரேன் என்று சொல்லாமல் போனவர்களுக்கு

துஷ்டி வீட்டுக்கு, அதாவது சாவு வீட்டுக்கு, வருகிறவர்களை எங்கள் பக்கம் 'வாங்க' என்று கூப்பிட மாட்டோம். கிளம்புகிறவர்களும் 'போய்ட்டு வாரேன்' என்று சொல்ல மாட்டார்கள். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பேசாமல் எழுந்து நடந்துவிடுவார்கள். அம்மா போன பிறகு பதினாறு நாளும் அப்படித்தான் போனது. வந்தீர்கள், என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதீர்கள், போனீர்கள். பதிலுக்கு ஒருவரிடமும் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. இழவு வீட்டில் நன்றி சொல்லும் வழக்கமும் கிடையாது. ஆனால் நேற்று விசேஷம் முடிந்து பந்தலைப் பிரித்துக்கொண்டு போன பிறகு, எதுவும் சொல்லாமல் முக்கூடலிலிருந்து சென்னைக்கு வண்டி ஏற எனக்கு மனசு வரவில்லை.

என்ன நடந்தது, எப்படி நடந்தது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை மறுபடி எழுத இப்போது தெம்பில்லை.

தம்பி துபாயிலிருந்து வந்து சேரும்வரை இரண்டு ராத்திரி கண் அசராமல் குளிர்பெட்டிப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த சித்திமார்களுக்கும், திருவனந்தபுரத்துக்குக் காரை எடுத்துக்கொண்டு போய் அவனைக் கூட்டி வந்த அவனுடைய பள்ளிக்கூட நண்பர்களுக்கும், அம்மாவைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்க நீர்மாலைக்குப் போன சொந்தங்களுக்கும், பிறந்த வீட்டுக் கோடியோடு முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கிய மாமாவுக்கும், மூன்று நாள் எங்கள் வீட்டு அடுப்பு எரியாதபோது முறை வைத்துக்கொண்டு சோறும் ரசமும் கடுங்காப்பியும் கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும் இந்த மகளின் கும்பிடு. பேரூராட்சியில் இறப்பைப் பதிவு செய்ய 21 நாள் கெடு என்பதுகூட எங்களுக்கு ஞாபகம் இல்லை. தாளை எழுதி என்னிடம் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு போன பையன் யார் வீட்டுப் பையன் என்று பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். சென்னையில் என் மேஜை வேலையைத் தலையில் போட்டுக்கொண்டு, 'எப்ப வர்றீங்க' என்று ஒரு தடவைகூடக் கேட்காத அலுவலக நண்பர்களையும் மறக்க மாட்டேன்.

எல்லாருக்கும் சேர்த்துத்தான் நன்றி. ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் தனியாகச் சொல்லியாக வேண்டும். அது உங்களில் பலருக்கும் தெரியாது. தம்பிக்கே முந்தாநாள்தான் சொன்னேன்.

அம்மா பீடி சுற்றியது உங்களுக்குத் தெரியும். இந்த ஊரில் எந்த அம்மாதான் சுற்றவில்லை? தார்சாவில், அதுதான் வீட்டு முன்கூடத்தில், காலை நீட்டி உட்கார்ந்து, மடியில் சுளகை (முறத்தை) வைத்துக்கொண்டால் உலகமே அந்தச் சுளகுக்குள் அடங்கிவிடும் அவளுக்கு. நனைத்த இலையைத் தகடு வைத்துக் கத்தரிப்பது, புகையிலைத் தூளை ஒரே சீராகப் பரப்புவது, உருட்டித் தலையை மடக்கி நூலைச் சுற்றி இழுப்பது எல்லாம் கை பாட்டுக்கு நடக்கும். வாய் எங்களோடு பேசிக்கொண்டிருக்கும். இளவயதில் ஒரு நாளைக்கு ஆயிரம் சுற்றிய கை. கடைசியில் ஆயிரத்துக்கு இரண்டு நாள், சமயத்தில் மூன்று நாள் ஆனது. வேண்டாம், விட்டுவிடு என்று நானும் தம்பியும் சொல்லாத நாள் இல்லை. 'சும்மா இருந்தா கை நோவுதுட்டி' என்பாள்.

ஆயிரத்துக்கு இவ்வளவு இலை, இவ்வளவு தூள் என்று பீடிக் கம்பெனிக் கடையில் நிறுத்துக் கொடுப்பார்கள். அது பாஸ் புத்தகத்தில் ஏறிவிடும். இலை மோசமாக இருந்தாலும், கிழிசல் அதிகம் என்றாலும், ஆயிரம் பீடிக்குக் கணக்கு ஒப்படைக்க வேண்டும். குறைந்தால் கைக்காசில் இலை வாங்கியாவது சரிக்கட்ட வேண்டும். அம்மாவுக்கு வாழ்க்கையில் பெரிய பயம் எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை, இந்த இலைக் கணக்கைத் தவிர. நானும் தம்பியும் விளையாட்டாக ஓர் இலையை எடுத்துக் கிழித்தால்கூட முதுகில் விழும்.

அம்மாவை எடுத்துக்கொண்டு போனார்கள். நாங்கள் தெருமுனை வரை போய் நின்றுவிட்டுத் திரும்பினோம். வழக்கம்போல வீட்டைக் கழுவி விட்டார்கள். அந்த நேரத்தில் எதிர்வீட்டு அத்தை, யாரோ அவசரத்தில் அரிசிப் பானைக்குப் பின்னால் தள்ளி வைத்திருந்த சுளகைப் பார்த்திருக்கிறார். ஈரத்துணியில் சுற்றிய இலை, தூள் டப்பா, நூல் கண்டு, அம்மா சுற்றி முடித்துக் கட்டி வைத்திருந்த பீடிகள். தண்ணீர் பட்டால் எல்லாம் வீண். விட்டுவிட்டாலும் இலை இரண்டு நாளில் காய்ந்து மொடமொடவென்று ஆகிவிடும், உருட்டினால் பிளந்துகொள்ளும். அத்தை யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. சேலைத் தலைப்பால் மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று ராத்திரி வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். தூக்கம் வரவில்லை. எதிர்வீட்டில் மட்டும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அத்தை சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருந்தது தெரிந்தது. நாள் முழுக்க எங்களோடு அழுது ஓய்ந்த மனுஷி, விடிந்தால் கடைக்குப் போக வேண்டியிருக்கும், அவர் பாட்டை அவர்தானே பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த வாரம் சனிக்கிழமை சாயங்காலம் கூட்டம் குறைந்த பிறகு அத்தை வந்தார். முந்தியை அவிழ்த்து, நான்காக மடித்த நோட்டுகளையும் அம்மாவின் பாஸ் புத்தகத்தையும் என் கையில் வைத்தார்.

'இந்தாட்டி, உங்கம்மா துட்டு. அறுநூத்தி நாப்பது அவ சுத்தி வச்சிருந்தா. மிச்சத்த நான் சுத்தி ஆயிரமாக்கிக் குடுத்துட்டேன். கடையிலயும் விஷயத்தச் சொல்லித்தான் குடுத்தேன். கணக்கு நேராயிட்டு. அவ பேர்ல ஒரு இலகூட பாக்கி இல்ல.'

அவ்வளவுதான். முந்நூறு ரூபாய்க்கும் குறைவான பணம். அதுவரை நான் அழாத அழுகையெல்லாம் அப்போதுதான் வந்தது. மயானத்துக்குக் கிளம்பும்போதுகூட நான் கல்லாட்டம் நின்றேன் என்று பெரியம்மாக்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. அந்த 'பாக்கி இல்ல' என்ற சொல்லில் உடைந்துபோனேன். அம்மா கடைசியாக எதை நினைத்திருப்பாள் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அவளுக்குப் பேச முடிந்திருந்தால், 'தார்சால எல ஊறிக் கெடக்குட்டி' என்று கட்டாயம் சொல்லியிருப்பாள். பெற்ற மகளுக்கு அது தோன்றவில்லை. அத்தைக்குத் தோன்றியிருக்கிறது.

முந்நூற்று அறுபது பீடிக்கான கூலியையாவது எடுத்துக்கொள்ளுங்கள் அத்தை என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. 'கூலி குடுக்கியோ? எம்மவ பிரசவத்துக்கு நான் ஐகிரவுண்டு ஆஸ்பத்திரில கெடந்தப்ப ஒரு வாரம் ஏம் பங்கையும் சேத்துச் சுத்துனா உங்கம்மா. அதுக்கு என்னத்த வாங்கிக்கிட்டா?' என்றார். அந்த ஒரு வாரம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. நான் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. ராத்திரி ஒரு மணிக்கும் தார்சாவில் விளக்கு எரிந்தது. என் படிப்புச் செலவுக்காகத்தான் அம்மா அப்படிச் சுற்றுகிறாள் என்று இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பீடி நல்ல பொருள் இல்லை. அம்மாவே சொல்வாள், 'நாஞ் சுத்தினத வாங்கிக் குடிக்கவன் நல்லா இருக்கணும் சாமி' என்று. அந்தத் தூள் அவள் நெஞ்சுக்கும் நல்லது செய்யவில்லை. ரேகை தேய்ந்துபோய் ரேஷன் கடை இயந்திரத்தில் அவள் விரல் பதியாது. நான்கு தடவை துடைத்துத் துடைத்து வைப்பாள். ஆனால் நானும் தம்பியும் படித்தது அந்த விரலால்தான். பீடித் தொழிலாளர் நல நிதியிலிருந்து வந்த உதவித்தொகையில்தான் எனக்கு நோட்டுப் புத்தகம், அவனுக்குச் செருப்பு. இதையும் எங்கேயாவது நன்றியாகப் பதிவு செய்ய வேண்டும் என்று பல நாளாக நினைத்திருந்தேன். இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அத்தைக்கு என்ன செய்வது என்று நாலைந்து நாளாக யோசித்தேன். சேலை எடுத்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார், ஆனால் பீரோவில் வைத்துவிடுவார். நேற்று சாப்பாட்டுப் பந்தி முடிந்து இலை எடுக்கும்போது அவரே பேச்சுவாக்கில் சொன்னார், ஆதாரில் ஒரு பெயர், பி.எஃப். தாளில் இன்னொரு பெயர் இருப்பதால் பென்ஷன் மனு திரும்பி வந்துவிட்டது என்று. பக்கத்தில் நின்ற இரண்டு பேர் 'எனக்கும் அதேதான்' என்றார்கள். வீட்டில் உட்கார்ந்து சுற்றினாலும் அவர் தொழிலாளர்தான் என்று 1966இல் சட்டமே வந்துவிட்டது. இன்றைக்கும் ஓர் எழுத்து மாறியிருந்தால் மாதம் வரவேண்டிய ஆயிரம் ரூபாய் நின்றுவிடுகிறது. நான் செய்கிற வேலையே கணக்கும் தாளும்தான். இனி மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு ஊருக்கு வருவேன். நம் வளவில் யார் யாருக்குப் பெயர்ப் பிழை, பிறந்த தேதிப் பிழை இருக்கிறதோ, எல்லாவற்றையும் அம்மா உட்கார்ந்த அதே தார்சாவில் வைத்து எழுதித் தருகிறேன். ஆதார் நகலும் பாஸ் புத்தகமும் கொண்டுவந்தால் போதும். முதல் தாள் அத்தையுடையது. ஏற்கெனவே வாங்கிப் பையில் வைத்துவிட்டேன்.

அம்மாவின் சுளகை நான் எடுத்துக்கொண்டேன். கத்தரியை அத்தை கேட்டார், கொடுத்துவிட்டேன். சாணை பிடித்த நல்ல கத்தரி, சும்மா தொங்கவிட வேண்டியதில்லை.

அப்புறம் ஒன்று. சாப்பாடு வந்த பாத்திரங்களில் இரண்டு தூக்குவாளியும் ஒரு எவர்சில்வர் போணியும் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கின்றன. போணியின் விளிம்பில் 'மு' என்று புள்ளி வெட்டியிருக்கிறது, யாருடையது என்று தெரியவில்லை. வாளியில் பெயரே இல்லை. வீட்டுச் சாவி எதிர்வீட்டு அத்தையிடம் இருக்கிறது, அடையாளம் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். அம்மா யார் பாத்திரத்தையும் வெறுமனே திருப்பிக் கொடுத்ததில்லை. பின்னால் முருங்கை நன்றாகக் காய்த்திருக்கிறது. பறித்து மூன்றிலும் போட்டு வைத்திருக்கிறேன்.