சிலிர்ப்பைத் தேடும் மூளை

ஆசிரியருக்கு,

இளைஞர்களின் ஆபத்தான சாகசங்கள் பற்றிய தங்கள் தலையங்கம், பழி முழுவதையும் வளர்ப்பின் மீதே போட்டுவிட்டது. சிலிர்ப்பு நாட்டத்தை, அதாவது ஆபத்து இருந்தாலும் புதிய, தீவிரமான அனுபவங்களைத் தேடும் குணத்தை, அளக்க உளவியலாளர் மார்வின் ஸக்கர்மன் 1964-இலேயே அளவுகோல் வகுத்தார். இக்குணத்தில் மரபணுவுக்கும் கணிசமான பங்கு உண்டு. 2009-இல் கென்டக்கி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உணர்ச்சியைக் கிளறும் படங்களைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்து பார்த்தனர். நாட்டம் மிகுந்தவர்களிடம், கிளர்ச்சியோடு தொடர்புடைய இன்சுலா பகுதி கூடுதலாகச் செயல்பட்டது. குறைந்தவர்களிடமோ, உணர்ச்சியை நெறிப்படுத்தும் மூளையின் முன்புற சிங்குலேட் பகுதி முந்திக்கொண்டது. ஒருவரை அச்சுறுத்துவது இன்னொருவரை அழைப்பதில் வியப்பென்ன?

விளையாட்டு ஆசிரியராக நான் கண்டதும் இதுதான். மாடிக் கைப்பிடிச் சுவரின் மேல் நடந்து காட்டிய மாணவன் ஒருவனிடம் கண்டிப்பு எதுவும் பலிக்கவில்லை. அறிவுரை சொல்லிக் களைத்தவன் நான்தான். இடுப்பில் கயிறு கட்டிச் சுவரேறும் பயிற்சியில் சேர்த்த சில வாரங்களில் அந்தக் கைப்பிடிச் சுவரை அவன் மறந்தேவிட்டான். எனவே, தண்டனைகளைக் கூட்டச் சொல்லும் தங்கள் யோசனைக்கு மாற்றாக, தேர்ந்த பயிற்சியாளர் மேற்பார்வையில் சுவரேற்றம், மலையேற்றம் போன்றவற்றைப் பள்ளிகளின் விளையாட்டு வகுப்பில் சேர்க்கப் பரிந்துரைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.