சர்வரை மாற்றும் முன் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்

எங்கள் நிறுவனத்தின் கணினிப் பிரிவு நண்பர்களுக்கு வணக்கம்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து, பழைய சர்வரில் இருந்த கோப்புகளைப் புதியதற்கு மாற்றினீர்கள். ஒரு கோப்புகூடத் தொலையவில்லை. அந்த உழைப்பை மதிக்கிறேன். ஆனால் கோப்புகளுக்கு நடுவே இருந்த இணைப்புகள் அறுந்துபோயின.

ஆர்டருக்கு அடக்க விலை கணக்கிடும் எங்கள் காஸ்டிங் பிரிவில் நூல் விலைக்கு ஓர் எக்செல் கோப்பு, நிட்டிங் கூலிக்கு ஒன்று, சாயக் கூலிக்கு ஒன்று. ஒவ்வொரு ஆர்டரின் காஸ்டிங் ஷீட்டும் இந்த மூன்றிலிருந்தே விலையை எடுக்கிறது. எடுக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் (செல்லிலும்) மூலக் கோப்பின் முகவரி எழுதப்பட்டிருக்கிறது. ஷீட்டும் மூலக் கோப்பும் ஒரே ஃபோல்டரில் இருந்து சேர்ந்தே இடம் மாறினால் எக்செல் சமாளித்துக்கொள்ளும். எங்கள் விலைக் கோப்புகளோ கொள்முதல் பிரிவின் ஃபோல்டரில் இருந்தன. அதை வேறு டிரைவுக்குக் கொண்டுபோய்விட்டீர்கள்.

பிழை என்று கட்டத்திலேயே காட்டியிருந்தால் அன்றைக்கே விழித்திருப்போம். மூலக் கோப்பு கிடைக்காதபோது எக்செல் பெரும்பாலும் கடைசியாக எடுத்துவைத்த எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். திறக்கும்போது, இணைப்பைப் புதுப்பிக்க முடியவில்லை என்று ஒரு சிறு பெட்டி வரும். அவசரத்தில் எல்லோரும் அதைத் தள்ளிவிட்டு வேலையைத் தொடர்கிறார்கள். அதன்பின் கட்டத்தில் நிற்பது பழைய விலை என்று கண்டுகொள்ள ஓர் அடையாளமும் இல்லை. நூல் கிலோவுக்கு 14 ரூபாய் ஏறிய பிறகும் பழைய விலையிலேயே மூன்று ஆர்டருக்கு விலை சொல்லி அனுப்பினோம். ஆர்டர் கொடுக்கும் பையர் ஒப்புக்கொண்டுவிட்டார். கையெழுத்துப் போட்டவள் நான்.

சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். 2020 இலையுதிர்காலத்தில் இங்கிலாந்தில், பழைய எக்செல் வடிவத்தில் 65,536 வரிசைகளுக்கு மேல் இடமில்லாததால் 15,841 கொரோனா தொற்றுகள் தினசரிக் கணக்கில் சேராமல் போயின. தொற்று கண்டவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலையும் நாள்கணக்கில் தாமதமானது.

நான் முறையிட்டபோது, ‘பிரேக் லிங்க் கொடுத்துவிடுங்கள், அந்தப் பெட்டி வராது’ என்று உங்கள் பிரிவிலிருந்து பதில் வந்தது. தயவுசெய்து இந்த யோசனையை இனி யாருக்கும் சொல்லாதீர்கள். அதைக் கொடுத்தால் சூத்திரம் அழிந்து எண் மட்டும் மிஞ்சும். அதைத் திரும்பக் கொண்டுவர எக்செலில் வழியில்லை. பழைய விலையை நிரந்தரமாக்கிவிட்டு எச்சரிக்கையை மட்டும் நிறுத்துவதால் யாருக்கு என்ன பயன்? ‘சேஞ்ச் சோர்ஸ்’ வழியே புதிய முகவரியைக் கொடுப்பதே முறை. இரண்டு வாரமாக மாலை ஏழு மணிக்கு மேல் ஷீட் ஷீட்டாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

விண்டோஸ் சர்வரில் டிஎஃப்எஸ் என்ற வசதி இருக்கிறது. பின்னால் இருக்கும் சர்வர் மாறினாலும் ஊழியர்களுக்குத் தெரியும் முகவரி மாறாது. அதை அமைத்துக் கொடுங்கள். ஃபோல்டருக்குள் ஃபோல்டராக நீளமான பெயர்கள் வைப்பதையும் குறையுங்கள். முழு முகவரி 218 எழுத்துகளைத் தாண்டினால் எக்செல் கோப்பைத் திறக்கவே மறுக்கும். எதை மாற்றுவதானாலும் ஒரு வாரம் முன்னால் எங்களிடம் பட்டியல் கேளுங்கள். எந்தக் கோப்பு எதிலிருந்து எண்ணை எடுக்கிறது என்பது எங்களுக்குத்தான் தெரியும்.

கொள்முதல் பிரிவின் ஃபோல்டரை அடுத்த மாதம் மறுபடியும் மாற்றப்போவதாகக் கேள்விப்பட்டேன். என்னிடம் இன்னும் 160 ஷீட்கள் பாக்கியிருக்கின்றன. அவற்றை முடிக்கும்வரை அந்த ஃபோல்டரைத் தொடாதீர்கள்.

இப்படிக்கு,
காஸ்டிங் பிரிவிலிருந்து உங்கள் சக ஊழியர்