சிக்னல் பூஸ்டர்: ஒரு வீட்டுக்கு வசதி, தெருவுக்கே தொல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

'வீட்டுக்குள் சிக்னல் இல்லையா? பூஸ்டர் மாட்டுங்கள்' என்ற விளம்பரங்கள் இணையக் கடைகளில் பெருகிவிட்டன. மொட்டைமாடியில் ஓர் ஆன்டெனா, கீழே இறங்கும் கேபிள், நடுவில் பெருக்கிப் பெட்டி, கூடத்தில் இன்னோர் ஆன்டெனா. மாட்டியதும் போனில் சிக்னல் கோடுகள் நிறைந்துவிடும். ஆனால் அந்தக் கோடுகள் டவரிலிருந்து போனுக்கு வரும் சிக்னலை மட்டுமே காட்டும். கேடு நடப்பது எதிர்த்திசையில்.

4ஜி போன் பொதுவாக அதிகபட்சம் 200 மில்லிவாட்டில்தான் அனுப்பும். டவரை எட்டும்போது அது ஒரு வாட்டில் பத்து லட்சம் கோடியில் ஒரு பங்காகத் தேய்ந்திருப்பது சாதாரணம். அவ்வளவு மெல்லிய குரலையும் கேட்க வேண்டிய காது டவருடையது. அதனால்தான் பக்கத்துப் போனின் சக்தியைக் குறைத்தும் தூரத்துப் போனின் சக்தியைக் கூட்டியும் டவர் ஓயாமல் கட்டளையிடுகிறது. 3ஜியில் இந்தக் கட்டளை நொடிக்கு 1500 முறை போகும்.

இந்த ஒழுங்குக்குள்தான் பூஸ்டர் நுழைகிறது. 70 டெசிபெல் பெருக்கம் என்றால் ஒரு கோடி மடங்கு. உங்கள் குரலோடு தன் சுற்றுகளுக்குள் எழும் மின் இரைச்சலையும் அதே அளவு பெருக்கி, வீட்டில் யாரும் பேசாத நேரத்திலும் டவரை நோக்கி அனுப்பிக்கொண்டே இருக்கும். டவரில் இரைச்சல் 10 டெசிபெல், அதாவது பத்து மடங்கு, ஏறினால், அதை மீறிக் கேட்க 20 மில்லிவாட்டில் பேசிய அக்கம்பக்கத்துப் போன் 200-க்கு ஏறியாக வேண்டும். பேட்டரி சீக்கிரம் தீரும். ஏற்கெனவே 200-இல் இருந்த போனுக்கு ஏற இடமில்லை, அழைப்பு அறுந்துவிடும். நான்கு கோடு இருந்தும் "ஹலோ, கேக்குதா?" என்று கத்த வேண்டியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மலிவுப் பெட்டிகள் அலைவரிசை முழுவதையும் பெருக்குவதால் எல்லா நிறுவன வாடிக்கையாளர்களும் சேர்ந்தே அடிபடுகிறார்கள்.

இதைவிட மோசமான கோளாறு ஒன்று உண்டு. மாடி ஆன்டெனாவுக்கும் கூடத்து ஆன்டெனாவுக்கும் இடையே சிக்னல் கசியாமல் காக்கும் தடுப்பு, பெருக்கத்தைவிடக் குறைந்தது 15 டெசிபெல் கூடுதலாக இருக்க வேண்டும். ஒற்றைத் தளத்து வீட்டில் அது கிடைப்பது அரிது. பந்தலில் ஒலிபெருக்கிக்கு முன்னால் மைக்கை நீட்டினால் 'கூ' என்று அலறுமே, அப்படித்தான் பெட்டி வானலையில் அலறும். தானே அடங்கும் வசதி இல்லாத பெட்டியென்றால், ஆள் வந்து அணைக்கும் வரை சுற்றுவட்டார டவர்கள் திணறும்.

உரிமமில்லாமல் வானலைக் கருவி வைத்திருப்பதே குற்றம் என்று 1933-ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டமே சொல்லிவிட்டது. வாங்குபவர்களில் பலருக்கு இது தெரியாது. விற்பவர்கள் சொல்வதும் இல்லை.

வீட்டில் பிராட்பேண்ட் இருந்தால் போன் அமைப்புகளில் வைஃபை காலிங்கை, அதாவது டவருக்குப் பதில் வைஃபை வழியே பேசும் வசதியை, இயக்குங்கள். வீட்டுக்குள் பேசும் சிக்கல் பெரும்பாலும் அதோடு தீரும். அடித்தள வாகன நிறுத்தம், உட்புற அறைகள் உள்ள அடுக்குமாடி என்றால் சங்கத்தின் பெயரில் தொலைபேசி நிறுவனத்துக்கு எழுதி, கட்டடத்துக்குள் ஆன்டெனாக்களையோ சிறு டவரையோ அவர்களையே அமைக்கச் சொல்லுங்கள். இரைச்சலை அளந்து, பெருக்கத்தைக் கட்டுக்குள் வைப்பது அவர்கள் பொறுப்பாகிவிடும்.

தொலைத்தொடர்புத் துறை வீடு வீடாகப் பெட்டியைத் தேடுவதோடு நிற்காமல், இணையக் கடைகளில் இவற்றின் விற்பனையையே நிறுத்த வேண்டும்.

— வானலைப் பொறியாளர், மதுரை