குழி தோண்டும் முன் குருவியை எண்ணுங்கள்

கிருஷ்ணகிரி, தருமபுரி மலைகளில் பசுமைப் பணிகளைத் திட்டமிடும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். ராயக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர்க் கரட்டில், அதாவது சின்னப் பாறைக் குன்றில், போன மாதம் பொக்லைன் ஏறியது உங்களுக்குத் தெரியும். மூன்றே நாளில் சூரை, காரை, களாப் புதர் எல்லாவற்றையும் வழித்துவிட்டு, வரிசையாகக் குழியெடுத்து வேம்பும் புங்கனும் நட்டார்கள். மரம் நடுவதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் புதர்தான் மஞ்சள்தொண்டைச் சின்னானின் வீடு. தென்னிந்தியப் பாறைக் குன்றுகளை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத பறவை. அழியும் ஆபத்தில் உள்ளதாகப் பன்னாட்டுச் செம்பட்டியலில் இருப்பது.

ஆறு வருடமாக அங்கே விடியற்காலையில் எண்ணிக் குறித்து வருகிறேன். வேலை முடிந்த மறுவாரம் போனேன். கல்லத்தி ஒன்றை வேரோடு பெயர்த்துப் பாறைமேல் போட்டிருந்தார்கள். வாடிய கிளையில் பழம் அப்படியே இருந்தது. ஒரு சின்னான் வந்து உட்கார்ந்து ஒரு பழத்தைக் கொத்தியது. குரல் கொடுக்காமலே போய்விட்டது. அதன்பின் நான்கு காலை காத்திருந்தும் வரவில்லை.

எத்தனை கன்று நட்டோம் என்று கணக்கு வைக்கிறீர்கள். எத்தனை குஞ்சு பிழைத்தது என்ற கணக்கு எங்கே? ஒரு குன்றில் எத்தனை ஜோடி, கூட்டிலிருந்து எத்தனை குஞ்சு பறக்கிறது, பெரியவற்றில் எத்தனை அடுத்த வருடம் உயிரோடு இருக்கிறது, அடுத்த குன்றுக்குப் போக வழி உண்டா: இவற்றை வைத்து, வரும் வருடங்களில் பறவைகள் கூடுமா குறையுமா என்று கணக்கிடும் உயிர்த்தொகை மாதிரி (மாடல்) ஒன்றைக் கணினியில் ஓட்டிப் பார்க்கலாம். அது ஜோசியம் அல்ல. விவரம் அரைகுறையாக இருந்தாலும், இந்தச் சரிவை மீட்பதா, இரண்டு குன்றுக்கு நடுவே புதரை வளர்ப்பதா, எது இனத்தை அதிக காலம் காக்கும் என்று ஒப்பிட உதவும். பத்து ஜோடி மட்டுமே உள்ள கரட்டுக்கு ஒரு காட்டுத்தீயோ ஒரு வறட்சியோ போதும். அதனால்தான் கேட்கிறேன்: முதலில் எண்ணுங்கள், மாதிரியை ஓட்டுங்கள், பிறகு குழி எடுங்கள்.

கிரானைட்டுக்கு அறுத்த குன்று திரும்பி வருமா? 2022இல் காவிரி தெற்கு சரணாலயம் அறிவித்தபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் சரணாலய எல்லைக்கு வெளியே இருக்கும் சின்னக் கரடுகளை யார் பார்ப்பது? அங்கேயும் குருவி இருக்கிறதே! வெட்டுவதும் அங்கேதான், நடுவதும் அங்கேதான், கேட்பாரில்லை.

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த கரட்டில் பணி தொடங்கும் முன் பறவைகளை எண்ணி, மாதிரி போட்டுப் பார்க்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். என் ஆறு நோட்டுகளையும் தருகிறேன். ஆள் அனுப்புங்கள், காலை ஐந்தரைக்கு கரட்டடியில் நிற்பேன்.

இப்படிக்கு,
கரட்டடி ஊர்க்காரன் ஒருவன்